லுவார் ஆற்றில் கை நனைத்த படலம்

காரைக்காலுக்குத் தெற்கே கோணவாய்க்கால் என்று ஓர் ஊர். அந்த ஊர்க்காரர்களை முட்டாள்கள் என்று சொல்கிறவர்கள் உண்டு. அநியாயம். சொன்னதைச் சொன்னபடி செய்கிறவன் முட்டாள் என்றால், சொன்னவனுக்கு என்ன பேர்? பஸ்ஸில் 'கரம் சிரம் புறம் நீட்டாதீர்' என்று எழுதியிருக்கிறது. கோணவாய்க்கால் பக்கிரிசாமி அதை எழுத்துக்கூட்டிப் படித்தார். கையையும் தலையையும் பத்திரமாக உள்ளே இழுத்துக்கொண்டு, காலை மட்டும் ஜன்னல் வழியே வெளியில் நீட்டியபடி காரைக்கால் வரை போய்ச் சேர்ந்தார். கண்டக்டர் சண்டைக்கு வந்து பார்த்தார். எழுதியிருந்தது பக்கிரிசாமி பக்கம் இருந்தது.

இந்தப் பக்கிரிசாமிக்குப் பங்காளி முறை தில்லைக்கண்ணு. அவருக்கு ஒரே மகள், குமுதவல்லி. பிரான்சிலிருந்து ஒரு வரன் வந்தது. பையன் பேர் தியாகு. லுவார் என்கிற ஆற்றங்கரையில் ஒரு திராட்சைத் தோட்டத்தில் ஒயின் தயாரிக்கும் இடத்தில் வேலை. அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சிப்பாயாக இருந்து காலமான சொல்தா. அம்மா பூரணியம்மாள் பென்ஷனில் இருக்கிறார். பையனும் பெண்ணும் போனில் பேசிப் பேசி, கட்டினால் இவரைத்தான் என்று குமுதவல்லி ஒரே பிடியாக நின்றுவிட்டாள். ஆனால் பூரணியம்மாளுக்கு வில்லியனூரிலிருந்து இன்னொரு இடமும் வந்திருந்தது. "பொண்ணு வீட்டுக்காரங்க வந்து பாத்துட்டு ஒரு முடிவு சொல்லட்டும். வர்ற அன்னிக்கே தெரிஞ்சாகணும். இல்லன்னா வில்லியனூருக்குத் தலையாட்டிடுவேன்" என்று சொல்லி டிக்கெட்டும் அனுப்பிவிட்டார்.

தில்லைக்கண்ணு, பக்கிரிசாமி, தில்லைக்கண்ணுவின் மச்சினன் சிவக்கொழுந்து, மூன்று பேர் புறப்பட்டார்கள். தில்லைக்கண்ணுவின் மனைவி மங்கை, நாத்தனார் பிரசவத்துக்காக ஊரில் தங்கவேண்டியதாயிற்று. இந்தக் கதையில் நடக்கிற அத்தனைக்கும் அந்தப் பிரசவந்தான் காரணம். வாசலில் நின்று மங்கை ஒரே ஒரு புத்திமதி சொன்னாள்.

"சம்பந்தம் முடிவாகற வரைக்கும் அங்க கை நனைச்சிடாதீங்க. சொல்லிட்டேன்."

நம் பக்கத்தில் இது எல்லாருக்கும் தெரிந்த பேச்சு. பெண் கொடுத்து எடுக்கிற வீட்டில் சாப்பிடுவதைக் கை நனைப்பது என்போம். கை நனைத்துவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். பச்சைக் குழந்தைக்கும் தெரியும். கோணவாய்க்காலில் அதற்கு ஒரு சபை கூடியது.

"அங்க சாப்பிடக் கூடாதுங்கறா போலருக்கு" என்றார் தில்லைக்கண்ணு.

"சாப்பாடுங்கற வார்த்தை மங்கை வாயிலேருந்து வந்துச்சா?" என்று கேட்டார் பக்கிரிசாமி.

"வரல."

"கைன்னுதானே சொன்னா? நனையக் கூடாதுன்னுதானே சொன்னா? நாமளா ஒண்ணக் கூட்டிக் கொறச்சு, நாளைக்கு ஒண்ணுகெடக்க ஒண்ணு ஆயிப்போனா, பொண்ணு வாழ்க்கைக்கு யார்ப்பா பொறுப்பு?"

பெண் வாழ்க்கை என்றதும் தில்லைக்கண்ணு உடனே ஒத்துக்கொண்டார். ஏர்போர்ட்டிலேயே மூன்று பேரும் இரண்டு கையிலும் பிளாஸ்டிக் பையை மாட்டி, மணிக்கட்டில் ரப்பர் பேண்டு போட்டுக்கொண்டார்கள். விமானத்தில் பணிப்பெண் இடுக்கியில் சூடான ஈரத்துண்டை நீட்டினாள். பாம்பைக் கண்டதுபோல மூன்று பேரும் பின்வாங்கினார்கள். சாப்பாட்டை முள்கரண்டியால் குத்தித் தின்றார்கள். மற்ற காரியங்களுக்கு அங்கே தண்ணீர் கிடையாது, காகிதந்தான். வெள்ளைக்காரனும் யாருக்கோ பெண் பேசத்தான் போய்க்கொண்டிருக்கிறான் போலிருக்கிறது என்று சிவக்கொழுந்து ஆச்சரியப்பட்டான்.

பூரணியம்மாள் வீடு ஆற்றைப் பார்த்தபடி இருந்தது. வாசல், ரோடு, படிக்கட்டு, அப்புறம் லுவார் ஆறு. "வணக்கம்" என்று மூன்று பேரும் கைகூப்ப, பைகள் சரசரத்தன. குளிருக்குப் போட்டிருக்கிறார்கள், பாவம், என்று அந்த அம்மாள் நினைத்துக்கொண்டார்.

"வாங்கண்ணே, வாங்க. தியாகு ஊரச் சுத்திக் காட்டுவான். மத்தியானத்துக்கு வந்துடுங்க. பாரீஸ்லேருந்து வாழை எலை வரவழைச்சிருக்கேன். கை நனைச்சுட்டுத்தான் மத்த பேச்சு."

தில்லைக்கண்ணு திருதிருவென்று விழித்தார். இந்த அம்மாளுக்கு நம் கைமேல் என்ன கண்?

தியாகு தங்கமான பையன். அங்கேயே பிறந்து வளர்ந்தவன், தமிழ் கொஞ்சம் உருண்டு வரும், ஆனாலும் "மாமா, மாமா" என்று காலைச் சுற்றினான். பார்த்த மாத்திரத்தில் தில்லைக்கண்ணுவுக்கு மனசு நிறைந்துவிட்டது. இவனை விட்டுவிடக்கூடாது என்று காளியம்மனை வேண்டிக்கொண்டார்.

முதலில் திராட்சைத் தோட்டம். மேட்டிலிருந்து ஆறு வரைக்கும் கொடிகள் வரிசை பிடித்து நின்றன. ஒவ்வொரு வரிசையின் முனையிலும் ஒரு ரோஜாச் செடி.

"இது எதுக்குத் தம்பி, பூஜைக்கா?" என்று கேட்டான் சிவக்கொழுந்து.

"இல்ல சின்ன மாமா. நோய் வந்தா மொதல்ல ரோஜாவுக்குத்தான் வரும். அதப் பாத்து நாங்க கொடியக் காப்பாத்திக்குவோம்."

சிவக்கொழுந்துக்குப் பத்து வருஷமாக இருமல். எந்த டாக்டரும் இவ்வளவு தெளிவாகப் பேசியதில்லை. கீழே விழுந்து கிடந்த ரோஜா ஒன்றைப் பொறுக்கிக் காதில் செருகிக்கொண்டான். அன்று முழுக்க இருமல் வந்தபோதெல்லாம் பக்கிரிசாமியிடம் காதைக் காட்டி, "வந்துருச்சா பாருங்க" என்று கேட்டுக்கொண்டிருந்தான். பக்கிரிசாமியும் ஒவ்வொரு முறையும் பூவைப் பிரித்துப் பார்த்து, "இன்னும் வரல" என்று சொன்னார்.

பிறகு குகை. சுண்ணாம்புப் பாறையை வெட்டி மலைக்குள்ளேயே பீப்பாய்களை அடுக்கியிருந்தார்கள். உள்ளே ஜில்லென்று இருந்தது. வெளியூர்க்காரர்கள் ஒரு கூட்டமே நின்றது. கோப்பையை மோந்தார்கள், வாயில் ஊற்றினார்கள், கொப்பளித்தார்கள், பக்கத்திலிருந்த வாளியில் துப்பினார்கள்.

"சரக்கு சரியில்ல போல" என்று சிவக்கொழுந்து காதோடு சொன்னான். "அத்தனை பேரும் துப்பறான். நம்ம மாப்ள பொழப்பு எப்படி ஓடும் அத்தான்?"

தில்லைக்கண்ணுவுக்கும் அந்தக் கவலை வந்தது. அதற்குள் தியாகு அவர் கையிலும் மற்ற இரண்டு பேர் கையிலும் ஆளுக்கொரு கோப்பையைக் கொடுத்துவிட்டான். குளிர்ந்த வெள்ளை ஒயின். கோப்பை வெளிப்புறம் வேர்த்து வழிந்தது. நல்லவேளை, கையில் பை இருந்தது. அந்த ஒரு நிமிஷத்தில் பக்கிரிசாமியின் அறிவை நினைத்து அவருக்குக் கண் கலங்கியது.

"குடிச்சிடாதீங்க மாமா" என்றான் தியாகு. "வாயில வச்சு நல்லாக் கொழப்புங்க. முழுங்கக் கூடாது. அப்பதான் ருசி தெரியும். அப்புறம்..." அதற்குள் யாரோ அவனைக் கூப்பிட்டார்கள். போய்விட்டான்.

அப்புறம் என்ன என்று அவன் சொல்லவில்லை. சொல்லாததைச் செய்கிற ஜாதி கோணவாய்க்காலில் கிடையாது. மற்றவர்கள் துப்புகிறார்களே என்றால், அது அவரவர் வளர்ப்பு. மாப்பிள்ளை கையால் கொடுத்ததைத் துப்புவார்களா? மூன்று பேரும் கன்னத்தை உப்பிக்கொண்டு நின்றார்கள். தியாகு வந்து கூப்பிட்டபோது அப்படியே குகையை விட்டு நடந்தார்கள். ஆற்றங்கரை வந்தது. தியாகுவின் வீட்டுப் படிக்கட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு முளையில் படகு கட்டியிருந்தது.

படகை அவிழ்க்கப் போனவன் நின்றான். தில்லைக்கண்ணுவின் முகத்தைப் பார்த்தான், தரையைப் பார்த்தான்.

"மாமா... எனக்குக் குமுதாவ ரொம்பப் பிடிச்சிருக்கு. அவள நல்லா வச்சுக்குவேன். உங்களுக்கு என்னப் பிடிச்சிருக்கா மாமா?"

ஐயோ! பெண்ணைப் பெற்றவன் காது குளிரக் கேட்கவேண்டிய கேள்வி. பிடிச்சிருக்குப்பா, என் குலசாமி நீதாம்ப்பா என்று கத்த வேண்டும் போலிருந்தது அவருக்கு. ஆனால் வாய் நிறைய ஒயின். திறந்தால் கொட்டும். தலையாட்டலாம் என்றால், ஆட்டுகிற ஆட்டில் தொண்டைக்குள் போய்விடும். முழுங்கக்கூடாது என்று சொன்னவனும் இவனேதான். வருங்கால மாப்பிள்ளை சொன்ன முதல் வார்த்தையை மீறுவதா? அசையாமல் நின்றார். கன்னம் உப்பியது, கண் சிவந்தது, மூக்கிலிருந்து "ம்ம்ம்" என்று ஒரு சத்தம் மட்டும் வந்தது.

பையனுக்கு முகம் செத்துப்போயிற்று. இவ்வளவு கோபமா என்று நினைத்துக்கொண்டு படகை அவிழ்த்தான்.

மங்கை சொன்னதற்கு ஆறுதான் பெரிய சோதனை. பையை மாட்டியிருந்தாலும் பையில் ஓட்டை இருந்தால்? பக்கிரிசாமி சைகை காட்டினார். மூன்று பேரும் படகில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டார்கள். எதிரே ஒரு சுற்றுலாப் படகு வந்தது. வேட்டி கட்டிய மூன்று பேர் கையைத் தூக்கிச் சரணடைந்து வருவதைப் பார்த்து அதிலிருந்தவர்கள் குசுகுசுவென்று பேசினார்கள். பிறகு அதுதான் இந்தியர்களின் வணக்கம் என்று யாரோ விஷயம் தெரிந்தவர் சொல்லியிருக்க வேண்டும். கிழவர், கிழவி, குழந்தை குட்டி எல்லாரும் எழுந்து இரண்டு கையையும் தூக்கினார்கள். ஆற்றின் இரண்டு பக்கமும் மணல்திட்டு, அதில் வெள்ளைக் கொக்குகள், தூரத்தில் கோட்டைக் கோபுரம், நல்ல வெயில். பார்க்க வேண்டியது எவ்வளவோ இருந்தது. மூன்று பேரும் அவரவர் கையைத்தான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார்கள்.

நடு ஆற்றில் படகு ஒரு திட்டில் இடித்துக் குலுங்கியது. மடக்கென்று மூன்று தொண்டையும் முழுங்கிவிட்டன.

"போச்சு!" என்றார் பக்கிரிசாமி. "ருசி தெரிஞ்சுதா யாருக்காவது?"

"எனக்குத் தெரியல. தெரியறதுக்குள்ள போயிருச்சு" என்றான் சிவக்கொழுந்து.

தில்லைக்கண்ணுவுக்கு ருசியா முக்கியம்? "பக்கிரியண்ணே, இப்ப வாய் காலியாருக்கு. புள்ள கேட்டதுக்குப் பதில் சொல்லிடட்டுமா?"

பக்கிரிசாமி யோசித்தார். "எங்க நின்னு கேட்டான்?"

"கரையில."

"அப்ப கரையிலதானே பதில் சொல்லணும்? நடு ஆத்துல சொன்னா அது ஆத்தோட போயிடாதா?"

நியாயமாகத்தான் பட்டது. தில்லைக்கண்ணு பொறுத்துக்கொண்டார். படகு அக்கரையில் முட்டியதும் ஆசையாக எழுந்தார்.

"இருப்பா. அவன் கேட்டது இந்தக் கரையிலயா, அந்தக் கரையிலயா?"

"அந்தக் கரையில."

"பின்ன? ஒக்காரு."

அக்கரைக் கோட்டைக்குள் போயும் தில்லைக்கண்ணுவுக்கு மனசு ஒட்டவில்லை. பையன் முகத்தைப் பார்க்கவே பாவமாக இருந்தது. ஆனாலும் கடமையாக எல்லாவற்றையும் காட்டினான். பட்டுத் திரை தொங்கிய ஒரு பெரிய கட்டிலைக் காட்டி, "இது ராஜா தூங்கற ரூம்" என்றான். அந்தத் தமிழ்தான் அவனுக்கு வரும். மூன்று பேரும் சட்டென்று தோளிலிருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு மூச்சுவிடாமல் நின்றார்கள். சிவக்கொழுந்துக்கு இருமல் முட்டிக்கொண்டு வந்தது. காதிலிருந்த ரோஜாவை எடுத்து வாயில் அடைத்துக்கொண்டான். பின்னால் வந்த வெள்ளைக்காரர்களிடம் பக்கிரிசாமி உதட்டில் விரலை வைத்து எச்சரித்தார். ஐயா எழுந்ததும் கும்பிட்டுவிட்டுப் போகலாம் என்பது அவர் எண்ணம். வாயிற்காவலர் வந்து தள்ளிக்கொண்டு போகும்வரை அந்த அறையில் அப்படி ஓர் அமைதி.

திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. படகை அக்கரையிலேயே விட்டாயிற்று. பாலத்தைத் தாண்டி பஸ் வீட்டு வாசலிலேயே இறக்கிவிட்டது. பஸ்ஸில் கரையேது? தில்லைக்கண்ணுவின் பதில் அப்படியே நெஞ்சில் நின்றது.

உள்ளே இலை போட்டிருந்தது. அதைப் பார்த்ததும் ஊரே கண்முன் வந்தது அவருக்கு. வாழைக்காய் வறுவல், முருங்கைக்காய் சாம்பார், மிளகு ரசம், பாயசம். பூரணியம்மாள் செம்பில் தண்ணீரோடு வந்து நின்றார்.

"பையக் கழட்டுங்கண்ணே. கை நீட்டுங்க, தண்ணி ஊத்தறேன்."

மூன்று பேரும் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்கள்.

"அதெப்படிம்மா? மொதல்ல சம்பந்தம் முடிவாகட்டும். அப்புறம் நனைக்கறோம்" என்றார் பக்கிரிசாமி.

"நீங்க கை நனைச்சாத்தானேண்ணே முடிவு?"

"முடிவானாத்தானே நாங்க நனைப்போம்?"

"நனைக்காம எப்படி முடிவாகும்?"

"முடிவாகாம எப்படி நனைக்கறது?"

இப்படியே போனது. ரசம் ஆறியது. கடைசியில் பக்கிரிசாமிக்கே மனசு இளகி, ஒரு வழி சொன்னார். "முள்ளு இருந்தாக் குடுங்க. குத்திச் சாப்பிட்டுடறோம். கைக்கும் வம்பில்ல, உங்களுக்கும் மரியாதை."

பூரணியம்மாள் செம்பை ணங்கென்று வைத்தார். "என் வீட்டு எலையில முள்ளக் குத்துவீங்களா? முப்பது வருஷமா இந்தச் சீமையில இருக்கேன், ஒரு நாள் நான் சோத்த முள்ளால தொட்டதில்ல. பிடிக்கலன்னா பிடிக்கலன்னு சொல்லிட்டுப் போங்களேன்! எதுக்கு இந்த அவமானம்? தியாகு, வில்லியனூர் நம்பரப் போடு."

தியாகு அசையவில்லை. "மாமாவுக்கு என்னப் பிடிக்கலம்மா. காலையிலேயே தெரிஞ்சுபோச்சு" என்றான். சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

தில்லைக்கண்ணு வாசலுக்கு ஓடினார். பைபோட்ட கையால் போனில் நம்பர் விழவில்லை. மூக்கு நுனியால் அமுக்கி மங்கையைப் பிடித்தார்.

"கவலப்படாத மங்கை. நீ சொன்ன மாதிரியே யாரும் இன்னும் கை நனைக்கல. ஆனா அந்தம்மா கோவிச்சுக்கிட்டு வில்லியனூருக்குப் போன் போடுது. பையன் அழுவறான். எனக்கும் அழுகையா வருது."

அந்தப் பக்கமிருந்து கோணவாய்க்கால் தெருவுக்கே கேட்கிற மாதிரி ஒரு குரல் வந்தது.

"அட பாவி மனுசா! போய் கைய நனைய்யா! ஒடனே நனை! இந்த நிமிசம் நனை!"

உடனே என்றால் உடனே. இந்த நிமிஷம் என்றால் இந்த நிமிஷம். உள்ளே போய் இலை முன்னால் உட்கார்ந்து செம்புத் தண்ணீருக்குக் கை நீட்ட ஏது நேரம்? "ஓடியாங்கடா!" என்று கத்தி, பையைப் பிய்த்தெறிந்துகொண்டே ரோட்டைத் தாண்டினார். பக்கிரிசாமியும் சிவக்கொழுந்தும் பையைப் பல்லால் கடித்து இழுத்துக்கொண்டே பின்னால் ஓடினார்கள். படிக்கட்டில் தடதடவென்று இறங்கி, மூன்று பேரும் லுவார் ஆற்றில் முழங்கை வரை கையை விட்டார்கள். சிவக்கொழுந்து எதற்கும் இருக்கட்டும் என்று முழுசாகவே விழுந்தான்.

"மாமா! வேணாம் மாமா!" என்று அலறிக்கொண்டு தியாகு பாய்ந்து வந்தான். மனுஷன் ஆற்றில் விழுந்து சாகப்போகிறார் என்று நினைத்துவிட்டான். சேற்றில் இறங்கி, தண்ணீருக்குள்ளேயே தில்லைக்கண்ணுவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான்.

தில்லைக்கண்ணு சுற்றுமுற்றும் பார்த்தார். பக்கத்தில் காலையில் படகு கட்டியிருந்த முளை நின்றது. அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"பக்கிரியண்ணே, இது எந்தக் கரை?"

பக்கிரிசாமி ஆற்றைப் பார்த்தார், வீட்டைப் பார்த்தார், முளையைப் பார்த்தார். "அந்தக் கரைதான்ப்பா இது. சொல்லு!"

"பிடிச்சிருக்கு தம்பி! ரொம்பப் பிடிச்சிருக்கு! காலையிலேருந்து பிடிச்சிருக்கு!" என்று கத்தியவர் அப்படியே ஓவென்று அழுதார். தியாகுவும் அழுதான். சிவக்கொழுந்து தண்ணீரிலிருந்து எழுந்து, விஷயம் தெரியாமலே அழுதான்.

படிக்கட்டின் மேலே பூரணியம்மாள் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தார். அவருக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் பையன் முகம் புரிந்தது. அத்தனை கோபமும் போன இடம் தெரியவில்லை.

"கை நனைச்சாச்சு சம்பந்தியம்மா!" என்று கீழேயிருந்து ஆறு கையும் உயர்ந்தது. சேறு சொட்டியது.

"நல்லா நனைச்சீங்க போங்க!" என்று சிரித்தார் அந்த அம்மாள். "முடிஞ்சுது சம்பந்தம். எலை காயுது. மேல வாங்க சம்பந்தி, கை கழுவிட்டு வந்து ஒக்காருங்க."

தில்லைக்கண்ணு படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

வாழ்நாள் முழுக்கச் சொன்னதைச் சொன்னபடியே எடுத்துக்கொண்ட மனுஷனுக்கு, அன்றைக்குப் பார்த்துத்தானா சொல்லுக்கு உள்ளர்த்தம் தோன்ற வேண்டும்?

"கை கழுவறதா?" என்று நெஞ்சில் கை வைத்தார். "நனைச்ச ஈரம் இன்னும் காயல. அதுக்குள்ள கை கழுவச் சொல்றீங்களே சம்பந்தியம்மா? என் பொண்ண நான் கை கழுவுவேனா?"

"அத்தானக் கை கழுவச் சொல்ல இவங்க யாரு?" என்று சிவக்கொழுந்து இருமினான்.

பக்கிரிசாமி எழுந்து நின்று தீர்ப்புச் சொன்னார். "பொண்ணுக்குத் தாலி ஏறி, புள்ள பொறந்து, பேரன் கல்யாணத்தப் பாக்கற வரைக்கும் எங்க வம்சத்துல யாரும் கை கழுவ மாட்டோம். இது சத்தியம்."

பூரணியம்மாள் அவர்கள் மூன்று பேரையும், சேற்றுக் கைகளையும், மகனையும் ஒரு தடவை பார்த்தார். உள்ளே போய், பட்டாளத்துக்காரர் காலத்துப் பெட்டியைத் திறந்து, முப்பது வருஷமாகச் சோற்றில் படாத மூன்று வெள்ளி முள்கரண்டிகளை எடுத்துவந்து இலைப் பக்கத்தில் வைத்தார்.

அன்று சம்பந்தி விருந்து அமோகமாக நடந்தது. சாம்பார் சாதம் வரைக்கும் ஒரு குறையுமில்லை. ரசம் விட்டபோதுதான், குத்திக் குத்தி இலையெல்லாம் சல்லடையாகிவிட்டது தெரிந்தது. ஊற்ற ஊற்ற ரசம் மேஜை வழியாக மடியில் இறங்கியது. தில்லைக்கண்ணு சந்தோஷமாக நிமிர்ந்து, "ரசம் பிரமாதம் சம்பந்தியம்மா, இன்னும் கொஞ்சம் ஊத்துங்க, இன்னும் எலைக்கு எட்டல" என்றார்.